எந்தக் கொல்லையில் பறித்த இலை?

அன்புள்ள தம்பி,

கற்பூரவள்ளி இலை எண்ணெயின் வேதிக்கூறுகள், நுண்ணுயிர் எதிர்ப்பு பற்றி நீ எழுதிய கட்டுரையைப் படித்தேன். எண்ணெய் வடிக்கும் கிளெவெஞ்சர் கருவி, கூறுகளை அடையாளம் காட்டும் ஜிசி-எம்எஸ் எல்லாம் நமக்குள் பேச வேண்டியவை அல்ல. 'இலைகள் உள்ளூர்ச் சந்தையில் வாங்கப்பட்டன' என்ற வரியோடு என் பொறுமை போய்விட்டது.

எந்த ஊர்ச் சந்தை? எந்த மாதம்? உன் எண்ணெயில் கார்வக்ரால் முதலிடம். இதே செடியில் தைமால் முதலிடம் பிடித்த ஆய்வுகளும் உண்டு. இரண்டும் ஒரே மூலக்கூறு வாய்பாடு கொண்ட பீனால்கள். நிறை நிறமாலையில் இரட்டைப் பிள்ளைகள். கருவி காட்டிய பெயரை அப்படியே எழுதிவிட்டாய். இரண்டையும் பிரித்துக் காட்டும் ரிடென்ஷன் இண்டெக்ஸ் எங்கே? அதுவும் இல்லை, செடியின் மாதிரியும் இல்லை என்றால் எதைப் பிடித்துக்கொண்டு உன் முடிவைச் சரிபார்ப்பது?

ஒரு கிளையை அழுத்தி உலர்த்தி ஹெர்பேரியத்தில் சேர்த்து எண் வாங்க எவ்வளவு நேரம் ஆகும்? திருச்சி தூய வளனார் கல்லூரியில் அருட்தந்தை கே. எம். மேத்யூ 1967இல் தொடங்கிய ராபினாட் ஹெர்பேரியம் எதற்கு இருக்கிறது? அந்தக் காலத்தில் எங்கள் பேராசிரியர் ஆய்வேட்டைப் புரட்டுமுன் அந்த எண்ணைத்தான் கேட்பார். களப்பயணத்தில் சோற்றுப் பொட்டலத்தைவிடப் பழைய செய்தித்தாளைத்தான் அதிகம் சுமந்தோம். சதைப்பற்றுள்ள இலைக்கு அன்றாடம் தாள் மாற்ற வேண்டும். மறந்தால் கறுத்து அழுகி, காம்பை விட்டு உதிரும். விடுதி அறை முழுக்கத் தாளை விரித்துவிட்டுத் தாழ்வாரத்தில் படுத்திருக்கிறோம். இப்போது யாரைக் கேட்டாலும் நேரமில்லை என்கிறார்கள்.

இன்னொன்று. எண்ணெய் 'ஜென்டாமைசினை விஞ்சியது' என்கிறாய். உன் வில்லையில் 2 மில்லிகிராம் எண்ணெய். ஜென்டாமைசின் வில்லையில் 10 மைக்ரோகிராம். 200 மடங்கு ஏற்றிவிட்டு வெற்றி கொண்டாடலாமா? தண்ணீரோடு ஒட்டாத எண்ணெய் அகாரில் சரியாகப் பரவாது. கொஞ்சம் ஆவியாகவும் போகும். வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வளையத்தின் மில்லிமீட்டர் வீரியத்தின் அளவாகாது. திரவ ஊடகத்தில் எண்ணெயைப் படிப்படியாக நீர்க்கச் செய்து, கிருமி வளராத மிகக் குறைந்த செறிவைக் கண்டுபிடி.

ஆனால் அட்டவணையின் சூடோமோனாஸ் வரிசையில் மறைக்காமல் சுழியம் போட்டிருக்கிறாயே, அங்கே உன்னை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது! வெளிச்சவ்வும் மருந்தை வெளியே தள்ளும் பம்புகளும் உள்ள கிருமி அது, எளிதில் மசியாது. அந்தச் சுழியத்துக்காக உன் கட்டுரையை என் மாணவர்கள் எல்லோருக்கும் படிக்கக் கொடுப்பேன்.

ஒரே செடியில் கோடையிலும் மழைக்காலத்திலும் இலை பறித்து இரண்டையும் சோதித்துப் பார். அடுத்த கட்டுரையில் ஹெர்பேரியம் எண் இல்லாவிட்டால் எனக்கு அனுப்பாதே.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஒரு வாத்தியார்