பலெர்மோவில் குருவானவர் வருகை: நிரல் அமைக்கச் சில குறிப்புகள்

இத்தாலியின் சிசிலித் தீவுத் தலைநகரான பலெர்மோவில் வாழும் ஈழத்தமிழ்க் குடும்பங்களைக் காண வரும் குருவானவருக்கு நாட்கள் குறைவாகவும் இல்லங்கள் பலவாகவும் இருப்பதால், நிரலைப் பின்வருமாறு வகுப்பது நன்று.

● விழா நாட்கள்: நகரின் பாதுகாவலி புனித ரோசலியாவின் ‘ஃபெஸ்தினோ’ எனப்படும் பெருவிழா ஜூலை 14, 15இலும், திருநாள் செப்டம்பர் 4இலும் வருவதால், அந்நாட்களில் இல்லச் சந்திப்புகளைத் தவிர்த்து, தமிழர் திரளாக ஏறும் பெல்லெக்ரினோ மலைத் திருத்தலத்தில் பலரையும் ஒருங்கே சந்திக்கலாம்.

● ஓய்வு நேரம்: வீட்டுப்பணி செய்வோர் பலருக்கு ஞாயிறும் வாரத்தில் மற்றோர் அரைநாளுமே ஓய்வாதலால், ஒவ்வொரு குடும்பத்தின் ஓய்வுநேரத்தையும் முன்பே கேட்டறிந்த பின்னரே நேரம் குறிக்க வேண்டும்.

● பகுதிவாரிப் பிரிப்பு: பல்லாரோ சந்தையைச் சூழ்ந்த வீடுகளை ஒரே மாலையில் நடந்தே கண்டுவிடலாம்; ஆனால் ரயிலில் ஏறத்தாழ 3 மணி நேரத் தொலைவிலுள்ள கத்தானியா நகருக்குத் தனிநாள் ஒதுக்குவதே முறை.

● முன்னுரிமை: நோயுற்றோரையும் முதியோரையும் முதல் நாளிலேயே சந்தித்துவிட்டால், பின்னர் நேரும் தாமதம் எதுவும் அவர்களைப் பாதிக்காது.

● இறுதி நாள்: விமான நிலையம் நகரிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர் தொலைவில் இருப்பதால், புறப்படும் நாளில் எந்தச் சந்திப்பையும் வைக்கலாகாது.