சமயத்துக்கு இலக்கணங் கூறுதலும் அதனைக் கற்பித்தலும்

ஒன்றைக் கற்பிக்கப் புகுவோர் முதற்கண் அதன் இலக்கணத்தை உணர்தல் வேண்டும். கணிதமும் பூமிசாத்திரமுங் கற்பிக்கும் ஆசிரியர் தத்தம் பாடம் இன்னதென எளிதின் வரையறுத்துக் கூறுவர். சமயபாடங் கற்பிக்கும் ஆசிரியரை நோக்கி ஒரு மாணாக்கன், "ஐயா, சமயமென்பது யாது?" என வினவுவானாயின், விடை அத்துணை எளிதன்று. மேனாட்டுச் சர்வகலாசாலைகளிலே சமயங்களை ஆராயும் அறிஞர் ஒன்றரை நூற்றாண்டாக இவ்வினாவுக்கு விடை தேடி வருகின்றனர். அவர் கண்டனவும் வழுவினவும் நம்மாசிரியர்க்குப் பயன்படுமாதலின் ஈண்டுச் சுருக்கிக் கூறுவாம்.

இலக்கணத்துக்கு வருங் குற்றம் மூன்றென்பர் தருக்கநூலார். பசுவுக்கு இலக்கணம் கபிலநிறமுடைமை எனின், வெண்பசு விடுபடுதலின் அவ்வியாத்தி. கொம்புடைமை எனின், எருமையினுஞ் சேறலின் அதிவியாத்தி. ஒற்றைக்குளம்புடைமை எனின், பசுவினிடத்தே யாண்டும் இல்லாமையின் அசம்பவம். அலைதாடியுடைமை எனின் குற்றமில்லை. இவ்வளவைக் கொண்டு மேனாட்டார் கூற்றுக்களை ஆராய்வாம்.

ஆங்கில அறிஞராகிய தைலர் என்பவர் 1871ஆம் ஆண்டில், ஆவிப்பொருள்கள் உளவென நம்புதலே சமயத்தின் மிகக் குறைந்த இலக்கணம் என்றார். பிரான்சிய அறிஞராகிய துர்க்கைம் 1912இல் இதனை மறுத்து, தெய்வநம்பிக்கையை முதன்மையாகக் கொள்ளாத பௌத்தத்தை இவ்விலக்கணம் தழுவாது என்றார்; இஃது அவ்வியாத்தி. அவர் தாம், தூயவெனப் பிரித்து வைக்கப்பட்டவை பற்றிய கொள்கையும் ஒழுகலாறுங் கொண்டு மக்களை ஒரு கூட்டமாகப் பிணிப்பதே சமயம் என்றார். அங்ஙனமாயின், தேசக்கொடியை வணங்கி எழுந்து நிற்குங் கூட்டமுஞ் சமயமாய்விடும், இஃது அதிவியாத்தி. அமெரிக்கராகிய வில்லியம் ஜேம்ஸ் 1902இல், தனித்திருக்கும் மனிதனது உணர்வையும் அனுபவத்தையும் செயலையுமே தம்மாராய்ச்சிக்குச் சமயமெனக் கொண்டார். இதன்கண் திருவிழாவும் கூட்டுவழிபாடும் புறத்தே நின்றுவிடுகின்றன.

இவை சொற்போர் மாத்திரமே என எண்ணற்க. இலக்கணம் வழுவியவிடத்து மக்கள் இழிவுற்றனர். வெள்ளை நைல் நதிப் பிரதேசத்தினூடாகச் சென்று மீண்ட சாமுவேல் பேக்கர் என்பவர், 1866இல் இலண்டனிலே அறிஞர் சபையின் முன்னர், அந்நதிக்கரையில் வாழும் திங்கா, நுவேர் முதலிய மக்களுக்கு வழிபாடும் இல்லை, கடவுட்கொள்கையும் இல்லை என்று உரைத்தார். 1930ஆம் ஆண்டு முதலாக நுவேர் மக்களிடையே சென்று தங்கி அவர் பாஷையைக் கற்ற எவன்ஸ் பிரிச்சாட் என்னும் அறிஞர், 1956இல் வெளியிட்ட நூலிலே, குவோத் என்னும் பெயரால் அவர் வழிபடும் பரம்பொருளையும், அவருடைய பிரார்த்தனையையும், பலியையும், பாவவுணர்ச்சியையும் விரித்துக் காட்டினார். சமயம் அங்கே முன்னரும் இருந்தது. காணுங் கண்ணே இல்லையாயிற்று. தென்னாபிரிக்கச் சரித்திரத்தை ஆராய்ந்த சிடெஸ்டர் 1996இல் மற்றொன்று காட்டினார். நிலத்தின்பொருட்டுப் போர் நிகழ்ந்த காலத்தே அந்நாட்டு மக்களுக்குச் சமயமில்லை என எழுதிய ஐரோப்பியர், அவர் அடக்கப்பட்டபின் அவர்க்குச் சமயமுண்டு எனக் கண்டனர் என்பதே அது.

ஆதலின் பிற்காலத்தறிஞர் சமயமென்னுஞ் சொல்லையே ஐயுறலாயினர். யோனத்தன் ஸ்மித் 1982இல், சமயமென்னும் பொதுப்பகுப்பு ஆராய்வோர் தம் ஆராய்ச்சியின்பொருட்டு வகுத்துக்கொண்டதென்றார். தலால் அசாத் 1993இல், சமயமாவது அகத்தே நிகழும் நம்பிக்கை எனக் கொள்ளுங் கருத்து ஐரோப்பியக் கிறித்தவ சரித்திரத்திற் பிறந்ததென்றும், அதனை எல்லா மக்கள்மேலும் ஏற்றுதல் பொருந்தாதென்றுங் காட்டினார். இதனால், சமயமென்பதே இல்லையென்று முடிவு செய்தல் கூடாது. முழக்கோல் மரத்தில் விளைந்ததன்று, தச்சன் செய்துகொண்டது. ஆயினும் மரமும் உண்டு, அளத்தலும் வேண்டும். கோல் பிழைபடின் திருத்துக, மரத்தை இல்லையென்னற்க.

இனிக் கற்பிக்குமாறு கூறுவாம். ஒரு சமயத்தில் நிற்பித்தல் வேறு. சமயத்தைப் பற்றி அறிவித்தல் வேறு. ஐக்கிய அமெரிக்காவின் உயர் நீதிமன்றம் 1963இல், அரசினர் பாடசாலைகளிலே வேதபாராயணத்தை வழிபாடாக நடத்தல் ஆகாதென விலக்கி, சமயங்களைக் கல்விப்பொருளாகக் கற்றல் ஆகுமென வேறுபடுத்திற்று. நம்மிலங்கையிலோ, மாணாக்கர் தத்தஞ் சமயத்தையே பாடமாகக் கற்கின்றனர். ஆதலின் நம்மாசிரியர் முதற்றொழிலை உடையர். எனினும், பௌத்தர், முஸ்லிம்கள், கிறித்தவர் என்போரோடு அயலாராய் வாழப்போகும் பிள்ளைகளுக்கு இரண்டாவதும் இன்றியமையாதது.

இது நமக்குப் புதிதன்று. அருணந்தி சிவாசாரியர் சிவஞானசித்தியார்ப் பரபக்கத்திலே, ஒவ்வொரு மதத்தார் கொள்கையையும் முன்னர் எடுத்துக் கூறிப் பின்னரே மறுத்தார். பிறர்மதத்தை உள்ளவாறு கூறமாட்டாதவன் அதனை மறுக்கவும் மாட்டான்.

ஆசிரியர் கைக்கொள்ளத்தக்கன மூன்று. ஒரு சமயத்தைப் பற்றித் தாம் கூறுவதனை அச்சமயத்தார் கேட்பின் "ஆம், இஃது எம்முடையது" என்பரோ என்று தம்மை வினவுக. இது முதலாவது. கொள்கை ஒன்றையே நோக்காது, நினியன் ஸ்மார்ட் 1969இல் வகுத்தவாறு கிரியை, புராணகதை, கொள்கை, ஒழுக்கம், சமுதாய அமைப்பு, அனுபவம் என்னும் ஆறினையும் நோக்குக. இஃது இரண்டாவது. "இவர்க்குச் சமயமில்லை, இது மூடவழக்கம்" என்னுங் கூற்றைக் காணின், கூறியவர் யாவர், எக்காலத்தார், அதனால் அவர் பெற்ற பயன் யாது என ஆராய்க. இது மூன்றாவது.

மூன்றாவதனை நாம் நம்மேலுஞ் செலுத்துதல் வேண்டும். பாட்டியோடு அண்ணமார் கோயிலுக்குச் சென்று பொங்கி வந்த சிறுவன் அதனை வகுப்பிலே சொல்லுங்கால், "அது நூலில் இல்லை, ஆதலாற் சமயமன்று" என ஆசிரியர் தள்ளுவாராயின், அவரும் நைல் நதிக்கரையிற் பேக்கர் செய்ததனையே செய்தவராவர். அச்சிறுவன் அன்று கற்பது சமயமன்று. தன் வீட்டாரை இகழ்தலேயாம். அவ்வழிபாடு ஆகமநெறியோடு எவ்வாறு ஒக்கும், எவ்வாறு வேறுபடும் என்பதனைப் பின்னர் விளக்கலாம். முதற்கண் அவன் கண்டதனை முற்றுங் கேட்டறிதலே ஆசிரியர் கடனாம்.