மலேரியாக் கிருமியின் ஆற்றல் வரவுசெலவு

நம் நாட்டில் 1965ஆம் ஆண்டில் மலேரியாவால் பாதிக்கப்பட்டோர் ஏறத்தாழ 1 லட்சம் பேரே. 1976இல் அத்தொகை 64 லட்சத்தைத் தாண்டியது. டி.டி.டி.க்குக் கொசுக்கள் அஞ்சாததும், குளோரோகுவினுக்குக் கிருமி அடங்காததும் இதற்கான காரணங்களுள் அடங்கும். குளோரோகுவினை எதிர்க்கும் கிருமி 1973இல் அசாமில் கண்டறியப்பட்டது. ஒரே மருந்தை நம்பியிருத்தல் தகாது என்பதே நாம் கற்ற பாடம். 2030க்குள் இந்நோயை ஒழிக்க இந்தியா உறுதி பூண்டிருப்பதால், புதிய மருந்துகளின் தேவை பெருகியுள்ளது.

இரு வேறு வாழ்க்கை

கிருமி உயிர்வாழ ஆற்றல் தேவை. மனிதனின் சிவப்பணுவினுள் வாழுங்கால், அது குளுக்கோஸை அரைகுறையாகச் சிதைத்து, லாக்டிக் அமிலமாக வெளியேற்றுகிறது. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து அது பெறும் நிகர ஆதாயம் 2 ஏடிபி மூலக்கூறுகள் மட்டுமே. முழுமையாக எரித்தால் ஏறத்தாழ 30 கிடைக்கும். சர்க்கரை தாராளமாகக் கிடைப்பதால் கிருமி இந்த ஊதாரித்தனத்தைத் தாங்குகிறது. அதன் மைட்டோகாண்டிரியா இக்கட்டத்தில் முக்கியமாக மரபுப்பொருள் தயாரிப்புக்கே துணைபுரிகிறது.

கொசுவின் உடலில் நிலைமை வேறு. அங்கே மைட்டோகாண்டிரியாவின் ஆற்றல் உற்பத்தியின்றிக் கிருமி வளர இயலாது.

இவ்வேறுபாட்டின் பயனை அட்டோவகுவோன் என்னும் மருந்து காட்டுகிறது. அது மைட்டோகாண்டிரியாவைத் தாக்குகிறது. ஒரு சிறு மரபணு மாற்றத்தால் கிருமி அதிலிருந்து தப்பிவிடும். ஆயினும் அவ்வாறு தப்பிய கிருமி கொசுவினுள் செழிப்பதில்லை. ஆதலின் பிறருக்குப் பரவ இயலுவதில்லை என்று மெல்போர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் தெரிவித்தனர்.

புனேயின் பங்கு

புனேயிலுள்ள தேசிய இரசாயன ஆய்வுக்கூடத்தின் அறிவியலாளர்களும் இத்துறையில் ஈடுபட்டுள்ளனர். மலேரியாக் கிருமியின் உறவினமான டாக்ஸோபிளாஸ்மாவில் ஏடிபி தயாரிக்கும் நொதியை அவர்கள் பிரித்தெடுத்து ஆராய்ந்தனர். மனித நொதியில் காணப்படாத பல புரதங்கள் அதில் இருப்பதை 2018இல் வெளியிட்டனர். அவற்றை ஒத்த புரதங்கள் மலேரியாக் கிருமியிடமும் உள்ளன. நோயாளிக்குத் தீங்கின்றிக் கிருமியை மட்டும் தாக்க இத்தகைய வேறுபாடுகளே வழிகாட்டும்.

ஆய்வுக்கூடக் கண்டுபிடிப்பு மாத்திரையாக உருப்பெறப் பல்லாண்டுகள் ஆகும். அதுவரை கொசு ஒழிப்பையும் இரத்தப் பரிசோதனையையும் தளர்த்தலாகாது. காய்ச்சலில் படுத்த ஒவ்வொரு நாளும் கூலித் தொழிலாளியின் குடும்பத்திற்கு வருவாய் இழப்பாகும். மருந்து ஆராய்ச்சிக்கு இன்று செலவிடும் பணம், அவ்விழப்பைத் தடுக்கும் முதலீடே எனலாம்.