வீட்டு மின்சோதனைச் சான்று

ஒருவன் தான் காணாததைக் கண்டதாகச் சாட்சி கூறின், அதனால் விளையும் தீங்கு அவனோடு நில்லாது. அச்சாட்சியை நம்பினாரையும் சென்று தாக்கும். இவ்வுண்மை வழக்குமன்றத்திற்கு மட்டும் உரியதன்று. வீட்டில் புதிதாக மின்கம்பி இழுத்தபின் எழுதப்படும் சோதனைச் சான்றும் ஒரு சாட்சியமே. அச்சான்றை எங்ஙனம் நிரப்புதல் வேண்டும், அதன்கண் எழுதப்படும் எண்கள் யாவற்றைக் குறிக்கின்றன என்பவற்றை ஈண்டு ஆராய்வோம்.

நம் ஆராய்ச்சிக்குத் திருவள்ளூர் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டியை இடமாகக் கொள்வோம். சென்னையினின்று கொல்கத்தா செல்லும் பெருவழியில், ஆந்திர எல்லைக்கு அணித்தாக உள்ள இவ்வூரில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்துள்ளது. இரும்பு உருக்கும் ஆலைகள் முதலாகப் பல தொழிற்சாலைகள் இங்குண்டு. அவற்றிற் பாடுபட வடமாநிலத் தொழிலாளரும் பலர் வந்து தங்குகின்றனர். அவர்க்கு வாடகைக்கு விடும்பொருட்டுப் பழைய வீட்டின்மேல் ஓர் அறை எழும்புகிறது; புறத்தே ஒரு குளியலறை சேர்கிறது; அதில் வாட்டர் ஹீட்டர் ஒன்று பொருத்தப்படுகிறது. அதற்கென ஒரு புதிய மின்சுற்றும் வேண்டப்படுகிறது. ஆலையின் மின்னமைப்பை நோக்க அரசின் மின் ஆய்வாளர் உளர். பகலெல்லாம் உழைத்து மாலையில் நீராட வரும் தொழிலாளிக்கோ, தான் கண்ணாலும் காணாத ஒரு தாளே காவலாக நிற்கிறது.

அத்தாளுக்கு இத்துணைப் பெருமை எவ்வாறு வந்தது? மத்திய மின்சார ஆணையம் 2010-ஆம் ஆண்டில் வகுத்த பாதுகாப்பு விதிகளின்படி, புதிய இணைப்போ கூடுதல் மின்சாரமோ கேட்கப்படுமிடத்து, மின்வழங்குவோர் தாமே சோதித்தறியலாம். அன்றேல் உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர் ஒப்பமிட்ட சோதனை முடிவுகளை ஏற்றுக்கொள்ளலாம். அவ்விதிகளுக்கு மாற்றாக 2023-ல் புதிய விதிகள் வந்தன. எனினும் ஒப்பமிட்டவரின் சொல்லை நம்பியே பெரும்பாலும் இணைப்பு அளிக்கப்படுகிறது. ஆதலின் அவர் சோதியாமல் எழுதினால், அவருக்குப்பின் சோதிப்பார் ஒருவருமிலர் என்பதை நாம் மறத்தலாகாது.

இனிச் சோதனைகளைப் புகல்வோம். இவற்றுள் முதல் நான்கும் மின்னோட்டத்தை நிறுத்தியபின் செய்தற்குரியன. மெயின் சுவிட்சை அணைத்து, பிறர் போடாதவாறு பூட்டி, கம்பியில் மின்சாரம் இல்லையென்று கருவியால் உறுதிசெய்த பின்னரே கைவைத்தல் வேண்டும்.

முதலாவது, கண்ணாற் காணுதல். கம்பியின் பருமன் சுமைக்குப் போதுமா, இணைப்புகள் இறுக்கமாக உள்ளனவா, எம்.சி.பி. கம்பிக்கு ஏற்றதா என்று நோக்குக. 2,000 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் கொள்ளும், அதற்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியும் 16 ஆம்பியர் எம்.சி.பி.யும் தகும்.

இரண்டாவது, எர்த் கம்பியின் தொடர்ச்சி. பலகையிலுள்ள எர்த் முனையிலிருந்து ஹீட்டரின் சாக்கெட்டு வரை அக்கம்பி அறாது செல்கின்றதா என்று அளத்தல் வேண்டும். இது பழுதுற்றாலும் விளக்கு எரியும், ஹீட்டர் கொதிக்கும். ஆதலின் இக்குறையைச் சோதனையன்றி வேறொன்றும் காட்டாது.

மூன்றாவது, காப்புத் தடை. மெகர் என்னும் கருவியால் 500 வோல்ட் நேர்மின்னழுத்தத்தைக் கம்பிக்கும் எர்த்துக்கும் இடையே ஒரு நிமிடம் செலுத்த, தடை 1 மெகோமிற்குக் குறையாதிருத்தல் வேண்டும். இஃது 2010-ஆம் ஆண்டின் விதிகளில் கண்ட அளவு. ஜெர்மானிய அறிஞர் ஓம் என்பார் 1827-ல் வெளியிட்ட விதியைக் கொண்டு இதன் பொருளை உணரலாம். 230 வோல்ட்டை 10 இலட்சம் ஓமால் வகுக்க, கசியும் மின்னோட்டம் 0.23 மில்லி ஆம்பியரே என்று தெரியவரும். புதிதாகப் பூசிய சுவரின் ஈரம் குழாய்க்குள் இறங்கியிருப்பின் அளவு குறையக் காணலாம். அங்ஙனமாயின் காரணம் தேடிக் களைந்து, மறுபடியும் அளக்கவேண்டும். மின்னணுப் பொருள்களை முன்னரே கழற்றிவிடுக. இன்றேல் 500 வோல்ட் அவற்றைக் கெடுத்துவிடும்.

நான்காவது, பேஸ், நியூட்ரல் கம்பிகள் இடம் மாறாதிருத்தல். சுவிட்ச் பேஸ் கம்பியிலேயே அமைதல் வேண்டும். நியூட்ரலில் அமைந்தால், அணைத்த பின்னும் விளக்கின் ஹோல்டரில் மின்சாரம் நின்றுகொண்டிருக்கும்.

ஐந்தாவது, எர்த் குழியின் தடை. இங்கே நம் மாவட்டத்து நிலத்தின் இயல்பையும் கருதல் வேண்டும். பழவேற்காட்டை அடுத்த உப்பு மண்ணில் தடை குறைவாயிருப்பினும் இரும்பு விரைவில் அரிக்கப்படும். மேட்டு நிலத்திலோ கோடையில் மண் உலர, தடை ஏறும். மழைக்காலத்து அளவு சித்திரையில் நில்லாது. ஆதலால் அளந்த தேதியைக் குறித்தல் இன்றியமையாதது.

இவ்வெண்ணின் அருமையை ஒரு கணக்கால் விளக்குவோம். தன் சொந்த எர்த் குழியையே நம்பியுள்ள வீட்டில் அதன் தடை 20 ஓம் என்க. ஹீட்டரினுள் கம்பி பழுதுற்று உலோக உடலைத் தொட்டதாகக் கொள்வோம். மின்மாற்றிப் பக்கத்துத் தடையை நீக்கிக் கணித்தால், பாயும் மின்னோட்டம் 230-ஐ 20-ஆல் வகுத்த 11.5 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. இதற்கு அசையாது. ஹீட்டரின் உடலோ ஏறக்குறைய முழு மின்னழுத்தத்தோடு நிற்கும். நனைந்த கையோடு அதைத் தொடுவார் நிலை யாதாகும்? எர்த் இருக்கிறது, எம்.சி.பி.யும் இருக்கிறது, ஆயினும் உயிர்க்குக் காவல் இல்லை.

இக்குறையைத் தீர்ப்பதே ஆர்.சி.சி.பி. என்னும் கசிவு காக்கும் கருவி. 30 மில்லி ஆம்பியர் அளவினதாயின், மேற்கூறிய பழுது நேர்ந்தவுடன் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். அக்குறித்த அளவுக் கசிவில் 300 மில்லி செக்கண்டுக்குள்ளும், அதன் ஐந்து மடங்கில் 40 மில்லி செக்கண்டுக்குள்ளும் அது விழுதல் வேண்டும். இதனைக் கருவியால் அளப்பதே ஆறாவது சோதனை; இது மின்சாரம் விட்டபின் செய்யப்படும். முகப்பிலுள்ள பொத்தானை அழுத்திப் பார்த்தல் மட்டும் போதாது. எர்த் கம்பியே இல்லாத வீட்டிலும் பொத்தானை அழுத்த அது விழுமன்றோ?

இனிச் சான்றை நிரப்பும் முறை. கருவி காட்டிய எண்ணையே எழுதுக. "சரி" என்றும் "1-க்கு மேல்" என்றும் பொதுப்பட எழுதற்க. ஒவ்வொரு சுற்றுக்கும் தனி வரி கொடுத்து, கம்பியின் பருமன், எம்.சி.பி.யின் அளவு, சோதனை முடிவுகள் ஆகியவற்றை வரிசையாகக் குறிக்க. அளந்த கருவியின் எண்ணையும், அது சரிபார்க்கப்பட்ட தேதியையும் சேர்க்க. பழைய வீட்டில் புதுச் சுற்று ஒன்றை மட்டும் அமைத்திருப்பின், சோதித்த பகுதி இது, சோதியாத பகுதி இது என்று எல்லை வகுத்துரைக்க. செய்யாத சோதனைக்கு நேரே "செய்யவில்லை" என்று எழுதுவது இழுக்கன்று. பொய்யெண் எழுதுவதே இழுக்கு. முடிவில் மேற்பார்வையாளர் தம் தகுதிச் சான்றின் எண்ணோடும், ஒப்பந்தக்காரர் தம் உரிம எண்ணோடும் ஒப்பமிடுவாராக. ஒரு படி வீட்டுக்காரரிடம் இருத்தல் நலம். பின்னாளில் மறுபடி அளக்குங்கால், எவ்வளவு தேய்ந்தது என்று ஒப்பிட அதுவே துணையாகும்.

இங்கு ஓர் ஐயம் எழலாம். முன்னரே இணைப்புள்ள வீட்டில் ஒரு சுற்றைக் கூட்டினால் யார் கேட்கப்போகிறார் என்பர் சிலர். கேட்பாரில்லாமையே கூடுதல் அபாயம். கூடிய சுமையை மின்பகிர்மானக் கழகத்திற்கு அறிவித்து, உரிமம் பெற்றவரைக் கொண்டே வேலைசெய்வித்து, சான்றும் பெறுதல் வீட்டுக்காரர் கடமை. அதற்காகும் செலவு, ஹீட்டரின் விலையோடு ஒப்பிடப் பெரிதன்று.

நம் கல்லூரியில் பௌதிகம் பயிலும் மாணாக்கர் ஓமின் விதியை ஏட்டில் எழுதித் தேர்வில் மதிப்பெண் பெறுகின்றனர். அவ்விதியே ஒரு தொழிலாளியின் குளியலறையில் அவன் உயிரை நிறுக்கும் துலாக்கோலாக நிற்கின்றது. விடுமுறையில் வீடு செல்லுங்கால், தத்தம் இல்லத்துச் சான்றைக் கேட்டு வாங்கிப் படித்துப் பார்ப்போமாக. அதிலுள்ள எண்கள் அளக்கப்பட்டவையோ, எழுதப்பட்டவை மட்டுமோ என்று வினவுவோமாக. அவ்வினாவை நாம் எழுப்பினால், ஒப்பமிடும் கை கருவியை எடுக்காமல் எழுதுகோலைத் தொடத் தயங்கும்.