முதலில் மறை, பிறகு தேடு

அன்புள்ள மகளுக்கு,

மெயின்ஃப்ரேம் பிரிவில் சேர்ந்த கையோடு பல ஆயிரம் வரிகள் கொண்ட கோபோல் புரோகிராம் ஒன்றை உன்னிடம் கொடுத்துவிட்டார்கள், எஃப்8 தட்டித் தட்டி அடிவரை போயும் மனதில் எதுவும் நிற்கவில்லை என்று எழுதியிருந்தாய். உன் அறிவில் குறை இல்லையம்மா. குறை அந்தப் படிக்கும் முறையில்தான். இப்படிப்பட்ட புரோகிராம் பல ஆண்டுகளாகப் பல கைகள் சேர்த்துச் சேர்த்து வளர்ந்தது. கதைபோல வரிசையாக வாசிப்பதற்கு அதில் ஒழுங்கு கிடையாது. அதனிடம் கேள்வி கேட்க வேண்டும். கேள்விக்குப் பதில் சொல்லும் வரிகள் மட்டும் முன்னால் வர, மற்றவை ஒதுங்கி நிற்க வேண்டும். நீ தினமும் திறக்கும் ஐ.எஸ்.பி.எஃப். எடிட்டரிலேயே அதற்கு வழி இருக்கிறது. கமாண்ட் வரியில் 'எக்ஸ் ஆல்' என்று அடி. புரோகிராம் முழுவதும் மறைந்து, இத்தனை வரிகள் காட்டப்படவில்லை என்று சொல்லும் ஒரே ஒரு கோடு மிஞ்சும். அடுத்து 'ஃபைண்ட் ஆல்' கொடுத்து, தேடும் பெயரை மேற்கோள் குறிக்குள் எழுது. அந்தப் பெயர் உள்ள வரிகள் மட்டும் வெளியே வரும். எத்தனை இடத்தில் கிடைத்தது என்ற எண்ணும் திரையின் மேல் ஓரத்தில் தெரியும்.

வெறுமனே தேடி எஃப்5 தட்டி ஒவ்வொன்றாகப் போனாலும் அதே வரிகள்தானே வரும் என்று நீ கேட்கலாம். வரிகள் அதேதான், ஆனால் பார்வை வேறு. ஒவ்வொன்றாகப் போகும்போது ஐந்தாவது இடத்துக்கு வருவதற்குள் முதல் இடம் மறந்துவிடும். மறைத்துவிட்டுத் தேடினால் அந்தப் பெயர் எங்கே அறிவிக்கப்பட்டது, எங்கே மதிப்புப் பெற்றது, எங்கே சோதிக்கப்பட்டது என்பதெல்லாம் ஒரே திரையில் அடுத்தடுத்து நிற்கும். இரண்டாவது பெயரைத் தேடினால் அதன் வரிகளும் இவற்றோடு வந்து சேர்ந்துகொள்ளும். தேடிய முடிவைத் தனிப் பட்டியலாகத் தரும் கருவிகளும் உண்டு, அவை பயனுள்ளவைதான். ஆனால் அங்கே வரி தன் இடத்திலிருந்து பிய்த்து எடுக்கப்பட்டுவிடுகிறது. இங்கே அது இருந்த இடத்திலேயே இருக்கிறது, அங்கேயே திருத்தலாம். இரண்டு வரிகளுக்கு நடுவில் எத்தனை வரிகள் மறைந்துள்ளன என்பதையும் கோடு சொல்கிறது. மூன்று வரி இடைவெளி என்றால் இரண்டும் அநேகமாக ஒரே பத்தியில் இருக்கும், தொள்ளாயிரம் என்றால் அது வேறு உலகம். வி.எம். இயங்குதளத்தின் எக்ஸெடிட் எடிட்டரில் 'ஆல்' என்ற கமாண்ட் இதே வேலையைச் செய்கிறது. விம் எடிட்டரில் மடித்து வைத்த பகுதிக்குள் தேடல் போய் நின்றால் மடிப்பு தானாகத் திறந்துகொள்ளும். ஆகவே இந்தப் பழக்கம் நாளை நீ வேறு எடிட்டருக்குப் போனாலும் வீணாகாது.

தேட வேண்டிய பெயரே தெரியாத புதிய புரோகிராமிலும் இது உதவும். கோபோலில் பத்திகளின் பெயர்கள் 8-ஆம் நிரலிலிருந்து 11-க்குள் தொடங்க வேண்டும், கட்டளைகள் 12-இலிருந்து வரும். எல்லாவற்றையும் மறைத்துவிட்டு, 8-ஆம் நிரல் காலியாக இல்லாத வரிகளை மட்டும் தேடு. புரோகிராமின் எலும்புக்கூடு அப்படியே எழுந்து நிற்கும். கூடவே குறிப்பு வரிகள் சிலவும் வரும். அவற்றுக்கு 7-ஆம் நிரலில் நட்சத்திரம் இருக்கும், அதை அடையாளம் சொல்லி மறுபடி மறைத்துவிடலாம்.

கண்ணில் படாத வரியில்தான் ஆபத்து இருக்கும் என்று உன் குழுவில் யாராவது எச்சரித்தால், அதைத் தட்டிக்கழிக்காதே. அது பாதிக்கு மேல் உண்மை. 'அக்கவுண்ட்-ஸ்டேட்டஸ்' என்று ஒரு ஃபீல்டு, அதன் கீழே 88 எண்ணிட்டு 'அக்கவுண்ட்-க்ளோஸ்டு' என்ற நிபந்தனைப் பெயர், மதிப்பு 'சி' என்று வைத்துக்கொள். எங்கோ கீழே 'செட் அக்கவுண்ட்-க்ளோஸ்டு டு ட்ரூ' என்று ஒரு வரி. அந்த வரி ஃபீல்டின் மதிப்பை மாற்றுகிறது, ஆனால் ஃபீல்டின் பெயர் அதில் இல்லை. நீ 'அக்கவுண்ட்-ஸ்டேட்டஸ்' என்று தேடினால் அது மறைந்தே கிடக்கும். 'ரீடிஃபைன்ஸ்' போட்டு அதே இடத்துக்கு வேறு பெயர் வைத்திருந்தாலும் இதே கதிதான், மேலேயுள்ள குரூப் பெயரைச் சொல்லி மொத்தமாக 'மூவ்' செய்திருந்தாலும் இதே கதிதான். 'காப்பி' வரி வழியாக வரும் ஃபீல்டுகளோ எடிட்டரில் திறந்த கோப்பிலேயே இல்லை. அதனால் முறையைக் கைவிட வேண்டியதில்லை, கேள்வியை விரிவாக்க வேண்டும். முதல் தேடலில் அறிவிப்பு வரி வந்ததும் அதற்கு மேலும் கீழும் சில வரிகளைத் திறந்து பார். மறைந்த பகுதியின் கோட்டில் 'எஃப்3' என்று எழுதினால் முதல் மூன்று வரிகள் திறக்கும், 'எல்3' என்றால் கடைசி மூன்று. அங்கே தெரியும் 88-களையும் குரூப் பெயரையும் மாற்றுப் பெயர்களையும் ஒவ்வொன்றாகத் தேடு. 'காப்பி' வரி கொண்டுவரும் காப்பி புக்குகளுக்கு, கம்பைல் லிஸ்டிங்கைத் திறந்து அதிலும் இதே மறைத்தலையும் தேடலையும் செய். அதில் அவை விரிந்த நிலையில் இருக்கும். மேலிருந்து கீழே உருட்டிப் படிப்பவர் அந்த 'செட்' வரியைப் புரிந்துகொண்டே தீருவார் என்றும் நினைக்காதே. கண்ணில் படும், ஆனால் முன்பு பார்த்த ஃபீல்டோடு அதற்கு உறவு உண்டு என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வர வேண்டுமே.

திருத்தும்போது மட்டும் மிகவும் கவனம் வேண்டும். மறைந்த வரி கோப்பிலிருந்து போய்விடவில்லை, சேமித்தால் அதுவும் சேர்ந்தே சேமிக்கப்படும். அதுபோலவே 'சேஞ்ச் ஆல்' கொடுத்தால் மறைந்த வரிகளிலும் மாற்றம் நடந்துவிடும். திரையில் தெரிபவற்றை மட்டும் மாற்ற நினைத்தால் கடைசியில் 'என்.எக்ஸ்.' என்று சேர்த்துக்கொள். 'டெலீட் ஆல் எக்ஸ்' மறைந்தவை அத்தனையையும் அழித்துவிடும் என்பதால், பழகும்வரை புரோகிராமை எடிட்டில் திறக்காமல் வியூவில் திற. ஒரு கேள்வி முடிந்து அடுத்ததற்குப் போகுமுன் 'ரீசெட்' கொடு, அல்லது மறுபடி 'எக்ஸ் ஆல்' போடு. இல்லாவிட்டால் பழைய தேடலின் வரிகள் புதியதோடு கலந்து நின்று, இல்லாத உறவை உனக்குக் காட்டும். நாளைக்கே அந்தப் புரோகிராமில் ஒரு ஃபீல்டை எடுத்து இப்படித் தேடிப் பார். எத்தனை இடம் கிடைத்தது, எந்தெந்தப் பெயர்களில் கிடைத்தது என்று எனக்கு எழுது.

அன்புடன்,
சித்தப்பா