ஆண்டானும் அடிமையும் மாறக்கூடியவரே



புத்தம் சரணம் புகுந்த நாளில் நாம் ஜாதியைத் துறந்தோம். ஆயினும் மறுநாட் காலையில் வேலைக்குச் சென்றபோது, கூலி கொடுப்பவர் ஒருவர், கூலிக்குக் கைகட்டி நிற்பவர் ஒருவர் என்னும் பிரிவு முன்போலவே நம்மை எதிர்கொண்டது. ஜாதி ஒழிந்தால் இப்பிரிவும் தானே ஒழியுமா? அன்றி, இப்பிரிவு ஒழிந்தால் ஜாதி தானே மறையுமா? பகவன் புத்தரின் போதனையிலிருந்தும், நம் மக்கள் உழைத்த இடங்களின் வரலாற்றிலிருந்தும் இதற்கு விடை காண்போம்.

1. பிறப்பும் நிலையும்

மஜ்ஜிம நிகாயத்தில் அஸ்ஸலாயன சூத்திரம் என ஒன்று உண்டு. நான்கு வருணங்களுள் பிராமணரே மேலானவர் என்று வாதிட வந்த அஸ்ஸலாயனன் என்னும் இளைஞனை நோக்கிப் பகவன் ஒரு கேள்வி கேட்கிறார். யோனம், காம்போஜம் முதலிய எல்லைப்புற நாடுகளில் ஆண்டான், அடிமை என்னும் இரு வகுப்புகளே உள்ளன. அங்கே ஆண்டான் அடிமையாவதும், அடிமை ஆண்டானாவதும் உண்டு. இதை நீ கேள்விப்பட்டதுண்டா என்பதே அக்கேள்வி. இளைஞன் உண்டு என ஒப்புக்கொள்கிறான்.

இவ்விடத்தை நாம் கூர்ந்து நோக்கல் வேண்டும். அந்நாடுகளின் அடிமை முறையைப் பகவன் இங்குப் புகழவில்லை. மனிதருக்குள் காணும் ஏற்றத்தாழ்வு பிறப்போடு வந்ததன்று, மனிதரே அமைத்துக்கொண்டது, ஆகவே மாறக்கூடியது என்பதையே நிலைநாட்டுகிறார். வகுப்பு என்பது ஒருவன் நிற்கும் நிலை. ஜாதியோ அந்நிலையிலிருந்து அவன் பெயராதபடி கட்டிவைக்கும் கயிறு. கயிற்றை அறுத்தவன் நடக்கத் தொடங்கலாம். ஆனால் அறுத்த கணத்திலேயே அவன் வேறிடம் சேர்ந்துவிடுவதில்லை.

அரசாங்கம் இவ்வுண்மையை உணர்வதற்கு நெடுங்காலம் ஆயிற்று. 1950 ஆம் ஆண்டின் பட்டியல் ஜாதிகள் ஆணையில் பௌத்தர்க்கு இடமில்லை. 1956 இல் நாகபுரியில் டாக்டர் அம்பேத்கரோடு தீக்ஷை பெற்ற இலட்சக்கணக்கானோர், மதம் மாறியும் வறுமை மாறாதவராய் இருந்தனர். 1990 இல்தான் அவ்வாணை திருத்தப்பட்டுப் பௌத்தரும் அதனுள் சேர்க்கப்பட்டனர்.

2. உழைப்பாளருக்குள்ளும் பிரிவு

தொழிலாளர் யாவரும் ஒரே வகுப்பினர், அவர்களுக்குள் ஜாதியைப் பற்றிப் பேசலாகாது என்பார் உளர். பம்பாய் நெசவாலைகளின் கதை அவர்களுக்கு விடை கூறும். அவ்வாலைகளில் கூலி மிகுந்த பகுதி தறிப்பகுதி. நாடாவில் நூல் தீர்ந்தபோது, புதிய நூலை வாயால் உறிஞ்சி இழுத்துக் கோக்க வேண்டும். தீண்டப்படாதார் வாய்பட்ட நாடாவைத் தாங்கள் தொடுவதா என்று ஏனைய தொழிலாளர் மறுத்தமையால், அப்பகுதி நம் மக்களுக்கு மூடப்பட்டிருந்தது. 1928 இல் நடந்த பெரிய வேலைநிறுத்தத்தின்போது டாக்டர் அம்பேத்கர் இதனைச் சுட்டிக்காட்டி நியாயம் கேட்டார். முதலாளியை எதிர்த்து ஒன்றாய் நின்றவர்களே தறியருகில் வேறாய் நின்றனர்.

தமிழர் அறிந்த மற்றோரிடம் கோலார் தங்கவயல். 1880 ஆம் ஆண்டு முதல் இங்கிலீஷ் கம்பெனியார் நடத்திய அச்சுரங்கங்களில், வட ஆர்க்காடு, சித்தூர் முதலிய ஜில்லாக்களிலிருந்து சென்ற நம் மக்கள் பாறையைக் குடைந்தனர். மேலே துரைமார்களின் பங்களாக்களும் கிளப்பும். கூலிகளுக்கோ வரிசை வரிசையாய்த் தட்டிக் குடிசைகள். 1902 இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் அவ்வூருக்கு வந்தது சுரங்க எந்திரங்களுக்காகவே. சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேலான ஆழம் சென்றது. அங்கே பாறை வெடிப்பில் மாண்டவரும், பாறைத்தூள் நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் நோயால் இருமி இருமி மாண்டவரும் பலர். ஆயினும் அதே மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீப்பிலும்தான் தமிழ்ப் பௌத்த சங்கங்கள் எழுந்தன என்பதை நாம் பெருமையுடன் நினைக்கிறோம். நிலத்தின் அடியில் உழைத்தவர்கள் மேலே வந்து தன்மம் பயின்றனர்.

2001 பிப்ரவரி 28 இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. சுமார் 120 ஆண்டுகளில் ஏறக்குறைய 800 டன் பொன் எடுத்த ஊரின் மக்கள், பிழைப்புக்காக விடியற்காலை ரயிலேறிப் பெங்களூர் செல்லலாயினர். பொன் எடுத்தவன் கையில் பொன் தங்கவில்லை.

3. முதலாளியின் ஐந்து கடமைகள்

இதற்குப் பகவன் கூறும் பரிகாரம் யாது? தீக நிகாயத்துச் சக்கவத்தி சீகநாத சூத்திரம், வறியோர்க்குப் பொருள் கிடைக்காததால் வறுமை பெருகிற்று என்றும், வறுமையால் களவும், களவால் கொலையும் பெருகின என்றும் படிப்படியாக விளக்குகிறது. கூடதந்த சூத்திரமோ, கள்வரைத் தண்டித்து நாட்டைத் திருத்த இயலாது. உழவனுக்கு விதையும், வணிகனுக்கு முதலும், ஊழியனுக்குச் சம்பளமும் அளிப்பதே வழி என அரசனுக்கு அறிவுறுத்துகிறது.

இல்லறத்தார்க்கு உரியது சிகாலோவாத சூத்திரம். ஆறு திசைகளை வணங்கி நின்ற சிகாலனுக்குக் கீழ்த்திசை என்பது வேலையாட்களே எனப் பகவன் காட்டுகிறார். முதலாளி செய்யத்தக்க கடமைகள் ஐந்து: வலிமைக்கேற்ற வேலை தருதல், உணவும் கூலியும் தருதல், நோயுற்றபோது பேணுதல், அரிய உணவைப் பகிர்தல், உரிய காலத்தில் ஓய்வளித்தல். ஊழியனும் பதிலுக்கு வேலையைச் செம்மையாகச் செய்யவும், கொடுத்ததை மட்டுமே கொள்ளவும் கடமைப்பட்டவன்.

இவற்றுள் சில, நம் காலத்தில் சட்டமாகியுள்ளன. டாக்டர் அம்பேத்கர் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை வகித்தது 1942 முதல் 1946 வரை. ஆண்டு முழுதும் இயங்கும் ஆலைகளில் வார வேலை 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைந்தது 1946 இல். குறைந்தபட்சக் கூலிச் சட்டமும், தொழிலாளர் அரசாங்க இன்ஷூரன்ஸ் சட்டமும் 1948 இல் பிறந்தன. கூலி, நோய்க்காலப் பேணல், ஓய்வு ஆகிய மூன்று கடமைகளை இவற்றில் காண்கிறோம்.

ஆனால் சட்டம் எட்டாத இருள் இன்னும் உண்டு. மனித மலத்தை மனிதன் அள்ளும் இழிதொழிலை 1993 ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. 2013 ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பின்றிச் சாக்கடைக் குழியில் ஆளை இறக்குவதையும் குற்றமாக்கிற்று. சாக்கடைக் குழியில் மாண்டவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டுமென 2014 இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2023 இல் அத்தொகையை 30 லட்சமாக உயர்த்திற்று. தொகையை உயர்த்த வேண்டியிருந்தது என்பதே சாவு நிற்கவில்லை என்பதற்குச் சாட்சி. இறங்குபவர் எச்சமூகத்தார் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை. இறக்கியவர் யார் என்று கேட்டால், நகராட்சி கண்டிராக்டரைக் காட்டும். கண்டிராக்டர் மேஸ்திரியைக் காட்டுவார். கீழ்த்திசையை வணங்க ஒருவரும் இல்லை.

4. நம் வீட்டுக் கீழ்த்திசை

பிறரைக் கூறி நாம் தப்பலாகாது. நம்முள் கல்வி கற்று உத்தியோகம் பெற்றோர் பலர், அது மகிழத்தக்கதே. அவர்களில் சிலர் வீட்டில், பாத்திரம் தேய்க்க வரும் பெண்ணுக்குக் காப்பி தர ஒரு தனி டம்ளர் கொல்லைப்புறத்தில் கவிழ்ந்திருக்கிறது. டீக்கடையில் நம் பாட்டனாருக்கு நீட்டப்பட்ட அதே டம்ளர் அது. ஆண்டானாகிய அடிமை, தான் அடிமையாயிருந்ததை மறந்தால், அஸ்ஸலாயனனிடம் கூறிய உண்மை நமக்கு எதிராகவே திரும்பும்.

சாக்கிய இளவரசர்கள் துறவு பூண வந்தபோது, தங்கள் செருக்கு அடங்க வேண்டுமென்று, நாவிதராகிய உபாலிக்கே முதலில் தீக்ஷை அளிக்குமாறு வேண்டினர். தங்களுக்குப் பணி செய்தவரைப் பின்னர் அவர்களே வணங்கினர். சமத்துவம் அவர்களுக்குச் சொல்லாக நிற்கவில்லை. குனிந்த தலையாக இருந்தது.

அடுத்த கூட்டத்திற்கு வருமுன் மூன்று வினாக்களை நமக்கு நாமே கேட்டுக்கொள்வோம். நம்மிடம் வேலை செய்வோரின் முழுப்பெயரை அறிவோமா? அவர் நோயுற்ற நாளில் கூலியைப் பிடித்தோமா? நாம் உண்ணும் பாத்திரத்தில் அவருக்கும் உணவு தந்தோமா? விடை கூச்சம் தருமாயின், அன்று மாலையே அந்த டம்ளரை எடுத்தெறிந்து தொடங்கலாம்.