வடம் பிடிக்கும் கைகள்

தேர்த் திருவிழாவில் வடம் பிடித்துப் பழகியவர்களுக்கு ஓர் உண்மை தெரியும். நூறு கைகள் வடத்தைப் பற்றியிருக்கும். அவற்றுள் இழுக்கும் கைகள் எத்தனை, சும்மா தொட்டுக்கொண்டு நடக்கும் கைகள் எத்தனை என்பது தேருக்கும் தெரியாது, ஊருக்கும் தெரியாது.

நம் மாணவர் மன்றங்களின் நிலையும் ஏறத்தாழ இதுவே. பொங்கல் விழாவுக்குப் பணிக்குழு அமைக்கிறோம். இருபது பெயர்கள் தாளில் ஏறுகின்றன. விழா நாளன்று நாற்காலி தூக்குபவர் நால்வர். எஞ்சிய பதினாறு பேரும் சோம்பேறிகள் என்று ஏசிவிடுவது எளிது. ஆனால், குறை பெரும்பாலும் ஆட்களிடத்தில் இல்லை. குழுவை அமைத்த முறையில் இருக்கிறது. அம்முறையைச் சிறிது ஆராய்வோம்.

கயிறு சொன்ன கணக்கு

பிரான்சு நாட்டு வேளாண் பொறியாளர் ரிங்கெல்மன் என்பார், 1880-களில் மனிதர்களைக் கயிறு இழுக்கச் செய்து அவர்தம் ஆற்றலை அளந்தார். முடிவுகள் 1913-இல் வெளிவந்தன. ஆள் கூடக் கூட, ஒவ்வொருவர் தரும் ஆற்றலும் குறைந்துகொண்டே வந்தது. எட்டுப் பேர் சேர்ந்தபோது, அவர்களுடைய தனித்தனி ஆற்றலைக் கூட்டினால் வரவேண்டிய தொகையில் 49 விழுக்காடே கிடைத்தது!

கால் ஒத்து இழுக்காமையும் இதற்கு ஒரு காரணம். ஆயினும் அது மட்டுமே காரணமன்று. அமெரிக்க உளவியலாளர்களான லத்தானே, வில்லியம்சு, ஆர்க்கின்சு ஆகிய மூவரும் 1979-இல் கயிற்றுக்குப் பதிலாகக் கைதட்டலையும் கூச்சலையும் வைத்துச் சோதித்தனர். மற்றவர்களும் உடன் கத்துகிறார்கள் என்று நம்பிய அளவிலேயே மாணவர்களின் குரல் தாழ்ந்தது. 1981-இல் அதே மூவர் மற்றொன்றும் கண்டனர். ‘உன் குரலின் அளவு தனியே தெரியும்’ என்று சொன்னவுடன், குழுவில் இருந்தும் குரல் தாழவில்லை.

இதிலிருந்து நாம் கற்கும் பாடம் என்ன? தன் கை தெரியாத இடத்தில் கை தளர்கிறது. தெரியும் இடத்தில் நிமிர்கிறது. ஆகவே, ஒற்றுமை வேண்டுவோர் முதலில் தேடவேண்டியது வேற்றுமையை! ஒவ்வொருவரும் தம் தனித்தன்மையோடு தெரியும்படி குழுவைப் பழக்க வேண்டும். அதற்கு மூன்று பயிற்சிகளைச் சொல்கிறேன்.

இயந்திரமும் மனிதரும்

முதற்பயிற்சி நம் தில்லி மாநகரத்துக்கே உரியது எனலாம். 1973-இல் தில்லியில் தோன்றிய ஜன நாட்டிய மஞ்ச் என்னும் குழு, 1978-இல் ‘மெஷீன்’ என்ற தெரு நாடகத்தை நடத்தியது. ஏறத்தாழப் பதின்மூன்றே நிமிட நாடகம். அரங்கு இல்லை, திரை இல்லை. நடிகர்கள் தம் உடல்களாலேயே ஓர் இயந்திரமாக மாறினர். ஆளுக்கோர் அசைவு, ஆளுக்கோர் ஒலி. அக்குழுவின் சப்தர் ஆஷ்மி, தில்லிப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் பயின்றவர்.

நாமும் இதைச் செய்து பார்க்கலாம். ஒருவர் நடுவில் நின்று தமக்குத் தோன்றிய ஓர் அசைவையும் ஒலியையும் தொடங்கட்டும். அடுத்தவர் அதனோடு பொருந்தும் வேறோர் அசைவைச் சேர்க்கட்டும். பத்துப் பேரும் சேர்ந்தபின், ஒருவர் மட்டும் விலகட்டும். எந்த ஒலி குறைந்தது, இயந்திரம் எப்படித் தடுமாறியது என்று மற்றவர்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ‘நான் இல்லாவிட்டால் என்ன குறைந்துவிடும்?’ என்ற கேள்விக்கு அங்கே விடை கிடைக்கிறது. அவ்விடையைக் கேட்டவர் அடுத்த கூட்டத்துக்குத் தாமே வருவார்.

வில்லும் குடமும்

இரண்டாவது, நம் தென்பாண்டி நாட்டு வில்லுப்பாட்டு. சுப்பு ஆறுமுகம் அவர்கள் (1928–2022) மேடைதோறும் வளர்த்து, 2021-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற கலை இது. வில், குடம், உடுக்கை, தாளம், கட்டை என்று அதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு குரல் உண்டு. குடம் வில்லைப்போல் ஒலிக்க முயல்வதில்லை. தலைவர் பாட, பக்கத்தில் இருப்பவர்கள் ‘ஆமாம்’ என்று மட்டும் சொல்வதில்லை. இடைமறித்து வினாவும் விடுப்பர்.

மன்றத்தின் ஆண்டறிக்கையை இவ்வாண்டு வில்லுப்பாட்டாக்கினால் என்ன? பொருளாளர் கணக்கைப் பாடட்டும். அரங்கம் அமைத்தவர் அறுந்த மின்கம்பியின் கதையைப் பாடட்டும். செய்தவர் பெயரோடு செய்த வேலையும் அவைக்குத் தெரியும். தலைவரை வினவும் பழக்கமும் சிரிப்போடு சிரிப்பாக வந்துவிடும்.

அவரவர் கையெழுத்து

மூன்றாவது, கையெழுத்துப் பத்திரிகை. அழகாக எழுதும் ஒருவர் அனைத்தையும் படியெடுக்கக்கூடாது என்பதே இங்கு விதி. அவரவர் பக்கம் அவரவர் கையால்!

தில்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ் மாணவர் பலருக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. மதுரையிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த நண்பர்களின் நடுவே அவர்கள் கூசி ஒதுங்குவதை நாம் கண்டிருக்கிறோம். அவர்களுக்கும் ஒரு பக்கம் உண்டு. கரோல் பாக் தெருவை வரைபடமாக வரையலாம். பாட்டி சொன்ன கதையைச் சொல்ல, வேறொருவர் எழுதலாம். கோணல்மாணலாகத் தம் பெயரை மட்டுமாவது தமிழில் எழுதி முடித்தால், அந்தப் பக்கமே இதழின் சிறந்த பக்கம்.

மூன்று எச்சரிக்கைகள்

எந்தப் பயிற்சியிலும் கட்டாயம் கூடாது. புதியவரை நிறுத்திவைத்துப் ‘பாடு, ஆடு’ என்பது பயிற்சியன்று, பகடிவதை. பல்கலைக்கழக மானியக் குழு 2009-இல் விதி வகுத்துத் தடுத்த செயல் அது.

‘உன்னைப் பற்றிச் சொல்’ என்று தொடங்கி, ஊர், தெரு, தந்தையின் தொழில் எனத் துருவிச் சாதியைத் தேடும் கேள்விகளுக்கு இடமே கொடுக்கக்கூடாது. தம்மைப் பற்றி எதைச் சொல்வது என்பதை அவரவரே முடிவு செய்யட்டும்.

தனித்தன்மை என்ற பெயரால் மாணவியரை ஆண்டுதோறும் கோலத்துக்கும் சந்தனக் கிண்ணத்துக்குமே அனுப்புவதும் தகாது. அது நாம் ஒட்டிய சீட்டு; அவர்கள் தேர்ந்த பணியன்று. ஒலிபெருக்கியைப் பூட்டத் தெரிந்த மாணவியும் உண்டு. கோலம் போடும் மாணவனும் உண்டு. கேட்டால்தானே தெரியும்?

நண்பர்களே! அடுத்த விழாவுக்குப் பெயர்ப்பட்டியல் எழுதும்போது, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு வரி இடம் விடுங்கள். இவர் இல்லாவிட்டால் எது நடக்காது என்பதை அவ்வரியில் எழுதுங்கள். எழுத முடியாத பெயர் ஒன்று இருந்தால், அவரை இன்னும் நாம் அறியவில்லை என்று பொருள். அன்று மாலையே அவர் அறைக்குச் சென்று, ஒரு தேநீர் அருந்திப் பேசிவிட்டு வாருங்கள். தேர் நகரத் தொடங்கும்.